மெக்கானிக்கல் கைக்கடிகாரத்தில் பால் பேரிங் (சின்ன உருண்டைகள் மேல் சுழலவிடும் தாங்கி) உண்டா? உண்டென்றால், சக்கரங்களின் அச்சு முனைகளைத் தாங்கும் கல்லுக்குப் பதிலாக எல்லாச் சக்கரத்துக்கும் அதையே போட்டால் என்ன?

உண்டு. ஆனால் ஆட்டோமேட்டிக் வாட்சில்தான், அதுவும் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில். பின்மூடியைக் கழற்றினால் அரைவட்டமாக ஒரு கனத்த தகடு ஊசலாடுவது தெரியும். அதுதான் ரோட்டார். கை அசையும்போதெல்லாம் அது சுற்றி, வாட்சை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்குக்கு முறுக்கேற்றுகிறது. அதன் நடுவில்தான் பேரிங் இருக்கிறது. தினமும் சாவி கொடுக்கிற பழைய வாட்சில் ரோட்டாரே கிடையாது என்பதால் பேரிங்குக்கும் வேலையில்லை.

ரோலெக்ஸ் 1931-இல் முழுவட்டம் சுற்றும் ரோட்டாரைக் கொண்டுவந்தபோது அது ஒரு சின்ன அச்சில்தான் நின்றது. எடை முழுக்க ஒரு பக்கம். கை ஆடும் ஒவ்வொரு முறையும் அந்த எடை அச்சைப் பக்கவாட்டில் இழுக்கும். அச்சு தேய்ந்தால் ரோட்டார் சாய்ந்து பின்மூடியில் உரசத் தொடங்கும். இதற்கு விடை 1948-இல் சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் ஊரிலிருந்து வந்தது. அங்கிருந்த எடெர்னா நிறுவனம் தன் எடெர்னா-மேட்டிக் வாட்சில் ரோட்டாரை ஐந்து எஃகு உருண்டைகள் மேல் உட்கார வைத்தது. ஓர் உருண்டையின் விட்டம் 0.65 மில்லிமீட்டர். கடுகைவிடச் சின்னது! அந்த ஐந்து உருண்டைகளையே தங்கள் சின்னமாகவும் வைத்துக்கொண்டார்கள். வாட்ச் உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சின்னம் அதுதான்; உள்ளே செய்த வேலையையே வெளியே முகமாக வைத்திருக்கிறார்கள்.

இன்று சீக்கோ 5 போல விலை குறைந்த வாட்சிலும் பேரிங்தான். ரோலெக்ஸோ அச்சும் கல்லுமாக நெடுங்காலம் ஓட்டியது. 1988-இல் வந்த 3135 எந்திரமும் அப்படித்தான். 2015-இல் வந்த 3255-இல் பேரிங் இருக்கிறது. சில நிறுவனங்கள் எஃகு உருண்டைக்குப் பதில் சிர்கோனியா பீங்கான் உருண்டை போடுகின்றன. அதற்கு எண்ணெயே தேவையில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பேரிங் என்றாலே உராய்வு குறையும் என்று நினைக்கிறோம், சைக்கிள் சக்கரத்தில் பார்த்துப் பழகியதால். ஆனால் வாட்சில், ஆடி ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் அச்சு முனை 0.1 மில்லிமீட்டர் அளவுதான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. உராய்வு சக்கரத்தை எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பது அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நடக்கிறது என்பதையும் பொறுத்தது. முடி மெல்லிசான முனை, வழவழப்பான செயற்கை மாணிக்கக் கல்லின் துளைக்குள், துளி எண்ணெயில் சுழலும்போது அந்தத் தூரம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அங்கே உருண்டைகளை வைத்தால் அவை மையத்தைவிட்டு விலகித்தான் நிற்க வேண்டும். ஒன்றோடொன்றும், அவற்றைப் பிடித்து வைக்கும் கூண்டோடும் உரசும். அந்த இழுவை ஒரே சீராகவும் இருக்காது. பல வாட்சுகளில் மணிக்கு 28,800 முறை திசை மாற்றி ஆடும் பேலன்ஸ் வீலுக்கு அது சிறிதும் ஒத்துவராது, நேரம் தப்பும். துளையில் விட்ட எண்ணெய் ஓடிவிடாமல் நிற்கும்படி கல்லில் ஒரு குழியும் செதுக்கியிருப்பார்கள். அதனால்தான் எடை இருக்கிற இடத்தில் பேரிங், மெலிவு இருக்கிற இடத்தில் கல்.

பராமரிப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கினேன். நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் விடிவதற்குள் நின்றுவிடும். திறந்து பார்த்தால் பேரிங்கில் யாரோ எண்ணெயைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். அதில் தூசி ஒட்டி மெழுகுபோல இறுகியிருந்தது. ரோட்டாரைக் கழற்றிக் கழுவி உலர்த்தி மாட்டிய பிறகு சரியாக ஓடுகிறது. தயவுசெய்து பேரிங்கில் நீங்களாக எண்ணெய் விடாதீர்கள்.

உங்கள் வாட்சைப் படுக்கை வாட்டில் பிடித்து, மெல்லச் சாயுங்கள். ரோட்டார் தயங்காமல் நழுவி இறங்கினால் பேரிங் நன்றாக இருக்கிறது. தயங்கித் தயங்கி இறங்கினாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ, பின்மூடியின் உட்புறம் வட்டமாகக் கீறல் தெரிந்தாலோ சர்வீசுக்குக் கொடுத்துவிடுங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா, ரோட்டாரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா என்பது எந்திரத்தைப் பொறுத்தது, கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.