சாவி யாரிடம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். மென்பொருள் வேலை, கூடவே பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு. பிள்ளை தூங்கியதும் பத்தரை மணிக்குப் படிக்க உட்கார்ந்தால் ஒன்றரை வரை யூடியூப் ஷார்ட்ஸ்தான். தடுப்பதற்கு லீச்பிளாக் என்ற பிரௌசர் பூட்டு போட்டேன். திறக்க 64 எழுத்துச் சங்கேதம் கேட்கும்படி வைத்தேன். இப்போது அதையும் மளமளவென்று அடித்துவிடுகிறேன், இல்லையென்றால் வேறு பிரௌசருக்குப் போய்விடுகிறேன். இன்னொரு செயலி போட்டேன். அதை நிறுத்த வழி கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை (புரோகிராமர் அல்லவா!). மனஉறுதி இல்லாத கோழை நான் என்று தோன்றுகிறது. பலவீனமான நேரத்தில் உடைக்க முடியாதபடி எப்படிப் பூட்டுவது? காசு கொடுத்து வாங்கும் செயலி உதவுமா? அவசர வேலை வந்தால் என்ன செய்வது? எழுதும்போது நீங்கள் கைப்பேசியை என்ன செய்வீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

என் கைப்பேசி சமையலறையில் கிடக்கும். அதில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. அவசர வேலையா? நள்ளிரவில் ஷார்ட்ஸ் பார்த்தே தீரவேண்டிய அவசரம் எந்த அலுவலகத்திலும் வராது. ஆள் தேவையென்றால் போன் அடிப்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டது நீங்கள் இல்லை, ஒன்றரை மணிக்கு விழித்திருப்பவர். கோழை என்பதையும் விடுங்கள். பகலெல்லாம் வேலை பார்த்து, பிள்ளையைத் தூங்கவைத்து, அதற்குப் பிறகு படிக்க உட்காருகிறவரைக் கோழை என்று வேறு யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

ஆனால் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. தன் பூட்டைத் தானே உடைத்ததில் உங்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை இருக்கும்வரை எந்தப் பூட்டும் உங்களுக்கு இன்னொரு புதிர்தான். புதிர் கிடைத்தால் புரோகிராமர் தூங்குவாரா?

சென்ற மாதம் என் சேமிப்பில் ஒரு பகுதியை வங்கியில் பூட்டிவைத்தேன். அதிலிருந்தே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மோசடிக்காரர்களுக்குப் பயந்து 2023 நவம்பரில் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி என்ற மூன்று வங்கிகளும் கொண்டுவந்த ஏற்பாடு அது. பூட்டுவது கைப்பேசியில் ஒரு நிமிட வேலை. பூட்டிய பணத்தை இணையம் வழியே யாருக்கும் அனுப்ப முடியாது. திறக்க வேண்டுமென்றால், வங்கியைப் பொறுத்து, கிளைக்கோ ஏடிஎம்முக்கோ நானே நேரில் போய் நிற்கவேண்டும். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். உங்கள் செயலிகளில் இரண்டுக்கும் ஒரே கதவு.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 2010இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் சூதாட்டக்கூடங்கள் வந்தபோதே இரண்டு விதமான தடை வைத்தார்கள். ஒன்று, சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம். ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2019 முதல் 150. மற்றது, என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே எழுதிக்கொடுத்துவிடுவது. குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். நாமே எழுதிக்கொடுத்ததை ஓராண்டு ஆகாமல் திரும்பப் பெற முடியாது.

இந்த இரண்டும் ஒரே ஜாதி இல்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கட்டணம் என்பது விலை. விலை என்றால் கொடுத்துவிடலாம். கொடுத்தவன் 150ஐயும் சேர்த்து எடுத்துவிட்டுத்தான் போவேன் என்று கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காருவான். உங்கள் 64 எழுத்தும் விலைதான். அத்தனையையும் அடித்து உள்ளே போனவர் இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டுப் படிக்கப் போனதாக நீங்கள் எழுதவில்லை. 128 எழுத்தாக்கினாலும் அடிப்பீர்கள், விரல் வேகம் கூடும், அவ்வளவுதான். பூட்டைக் கடினமாக்குவது என்றால் விலையை ஏற்றுவது என்று நீங்களும் நினைக்கிறீர்கள், செயலி செய்கிறவர்களில் பாதிப்பேரும் நினைக்கிறார்கள். காசாலும் உழைப்பாலும் கட்டித்தீர்க்க முடியாதவை இரண்டுதான்: நேரம், இன்னொரு மனிதர்.

இன்னொரு மனிதர் என்றதும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம். சம்பள நாள் வந்தால் அம்மா போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் புத்தகத்தை ஒளித்துவைப்பார். அரிசி டின்னுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால். அப்பா எடுத்துவிடுவார். பிறகு சண்டை. கடைசியில் ஒருநாள் அவரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கிடம் (மலாயில் மக்சிக் என்றால் அத்தை மாதிரி) கொடுத்துவிட்டார். மக்சிக் காரணமே கேட்கவில்லை. தையல் நூல்கண்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, ஊசிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து மூடினார். மாதச் செலவுக்கு எடுக்கும் நாளில் அம்மா போய் வாங்கிவருவார்.

அதற்கப்புறம் சனிக்கிழமை மத்தியானங்களில் அப்பா தாழ்வாரத்தில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மக்சிக்கின் கதவு திறந்தேதான் இருக்கும், இரும்பு கேட் மட்டும் சாத்தியிருக்கும். அப்பா பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார். செருப்பைச் சரிசெய்வார். உள்ளிருந்து மக்சிக் "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்பார். "சுடா, சுடா" என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்கிப் போய்விடுவார். சூதாட வேண்டும், புத்தகத்தைக் கொடுங்கள் என்று மக்சிக்கின் முகத்தைப் பார்த்து அவரால் கேட்க முடியவில்லை. நாலு நம்பர் எடுப்பதை அவர் விட்டுவிடவில்லை. சட்டைப்பையில் இருந்த இரண்டு வெள்ளிக்கு எடுத்தார். ஆனால் எங்கள் பள்ளிக்கூடச் செலவு அந்த டின்னுக்குள் பத்திரமாக இருந்தது.

அப்பாவுக்கு மனஉறுதி இருந்ததா இல்லையா என்று நான் யோசித்ததே இல்லை. சாவியை அவர் கொடுத்த இடம் சரியான இடம். அம்மாவிடம் இருந்தால் சண்டை போட்டு வாங்கலாம். நண்பனிடம் இருந்தால் சிரித்துப் பேசி வாங்கலாம். மரியாதை உள்ள, கொஞ்சம் தூரமான ஓர் ஆளிடம் கேட்டு வாங்க நாக்கு எழாது. உங்கள் தலைமுறைக்கு இதுதான் வராது. என் பிரச்சினையை நானே, என் கணினியில், யாருக்கும் தெரியாமல் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். யாருக்கும் தெரியாமல் என்கிற இடத்தில்தானே ஐயா எல்லாம் கெடுகிறது? ஒன்றரை மணிக்கு உட்கார்ந்திருப்பவர் முட்டாள் அல்ல. உங்களுக்குத் தெரிந்த பாஸ்வேர்டெல்லாம் அவருக்கும் தெரியும். அவரை நீங்கள் தனியாக ஜெயிக்க முடியாது.

சரி, நீங்கள் கேட்டதற்கும் வருகிறேன். மேக் கணினி என்றால் செல்ஃப்கன்ட்ரோல் என்ற தடுப்புச் செயலி போதும், இலவசம். நேரம் குறித்துவிட்டால் கணினியை அணைத்துப் போட்டாலும், செயலியையே அழித்தாலும், குறித்த நேரம் முடியாமல் திறக்காது. விண்டோஸ் என்றால் கோல்ட் டர்க்கி என்ற செயலி. எதைப் போட்டாலும், அட்மின் கணக்கில் உட்கார்ந்து படிக்காதீர்கள். சாதாரணக் கணக்கு ஒன்று திறந்துகொண்டு, அட்மின் பாஸ்வேர்டை வேறொருவரை அடிக்கச் சொல்லுங்கள். ஐபோனில் செயலிகளுக்கு நேர வரம்பு வைக்கும் ஸ்கிரீன் டைம் கடவுஎண்ணையும் அவரே போடட்டும். மறந்தால் மீட்க ஆப்பிள் கணக்கைக் கேட்கும், அங்கே உங்கள் கணக்கைக் கொடுத்துவைத்தால் செய்ததெல்லாம் வீண்.

நேரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதற்கும் வங்கிகளே வழி காட்டியிருக்கின்றன. 2022இலிருந்து புதுக் கைப்பேசியில் டிஜிட்டல் டோக்கன் (வங்கிப் பரிவர்த்தனையை நாம்தான் செய்கிறோம் என்று உறுதிசெய்யும் வசதி) போட்டால் 12 மணி நேரமாவது கழித்துத்தான் வேலை செய்யும். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தடையை இறுக்கினால் உடனே அமல். தளர்த்த வேண்டுமென்றால் சாவி வைத்திருப்பவரிடம் இன்று கேட்க வேண்டும், அவர் நாளைக்குத்தான் திறக்க வேண்டும். நாளைக் காலையில் எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது அந்த ஷார்ட்ஸ் உங்களுக்கு வேண்டியிருக்காது.

யாரிடம் கொடுப்பது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். மனைவியிடம் வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது, உங்களுக்குக் காவல்காரியாகவும் இருக்க வேண்டுமா? ஊரில் இருக்கும் தம்பியிடமும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் கேட்ட மறுநிமிடம் அனுப்பிவிடுவார். உங்கள் மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரம் போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். பாஸ்வேர்டை அப்புறம் கொடுக்கலாம்.

அன்புடன்