வாசகர் கேள்விகள்: பழைய க்ரோனோகிராஃபும் பளிச்சென்ற டயலும்

கே: 1960-களில் வந்த ஒரே மாடல் க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம்) இரண்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன, விலையும் ஒன்றுதான். ஒன்றின் டயல் புத்தம் புதுசாக மின்னுகிறது, மற்றது மங்கி மஞ்சளித்திருக்கிறது. மின்னுவதைத்தானே எடுக்க வேண்டும்?

ப: அவசரப்படாதீர்கள். அறுபது வயது டயல் மின்னினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும், ஏனென்றால் மறுபடி பெயிண்ட் அடித்த டயல் சேகரிப்பவர்களிடம் பாதி விலைக்குக்கூடப் போகாது. பூதக்கண்ணாடி வைத்து எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள், கம்பெனியில் அச்சிட்டது சுத்தமாக நிற்கும், பிற்பாடு அடித்தது பிசிறு தட்டும், கோடுகளின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். அப்புறம் ஆறு மணிக்குக் கீழே பாருங்கள். 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் 'டி' என்ற எழுத்து இருந்தால் டிரிடியம் பூச்சு, அதாவது இருட்டில் தானாக ஒளிரும் கதிரியக்கப் பூச்சு என்று பொருள். டிரிடியம் சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும், அதனால் அந்தக் காலத்து டிரிடியம் டயல் இன்று இருட்டில் ஏறக்குறைய செத்துப்போயிருக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க ஜோராக ஒளிர்ந்தால் அது யாரோ புதுசாகப் பூசியது, சந்தேகமே வேண்டாம்.

முள்ளில் இருக்கும் பூச்சும் டயலில் இருக்கும் பூச்சும் ஓரளவு ஒரே நிறத்தில் பழுத்திருக்கிறதா, கேஸின் விளிம்புகள் பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கிவிட்டனவா என்பதையும் பாருங்கள். தேய்ந்த உலோகத்தைத் திருப்பிக் கொண்டுவருவது லேசில் நடக்காது. பின்மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். படேக் ஃபிலிப், லாஞ்சின்ஸ் போன்ற கம்பெனிகள் அந்த எண்ணுக்குரிய கடிகாரம் எப்போது தயாரானது என்று தங்கள் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். அந்தக் காகிதம் நல்லதுதான், ஆனால் காகிதத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. 2021-ல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போன ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து உருவாக்கியது என்று 2023-ல் அந்தக் கம்பெனியே சொன்னது. அவ்வளவு பெரிய ஏலத்திலேயே இந்தக் கதி!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மற்ற பாகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் மஞ்சள்தான் என் ஓட்டு.

கே: ரோலெக்ஸின் பால் நியூமன் டேடோனாவில் அப்படி என்ன இருக்கிறது?

ப: டயல்தான். உள்டயல்களின் கோடுகள் சின்னச் சதுரங்களில் போய் முடியும், எண்களின் எழுத்துருவும் வேறு மாதிரி. விற்பனைக்கு வந்த காலத்தில் இது கடையில் தூங்கியது என்றால் நம்புவீர்களா? கார் பந்தயமும் ஓட்டிய ஹாலிவுட் நடிகர் நியூமன் கட்டியிருந்த 6239 மாடலை அவர் மனைவி ஜோன் வுட்வர்ட் வாங்கிக் கொடுத்தார், 'பார்த்து ஓட்டுங்கள்' என்ற பொருளில் பின்மூடியில் செதுக்கியும் வைத்தார். 2017-ல் நியூயார்க் ஏலத்தில் அது 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. அதில் பெரும்பங்கு அதைக் கட்டியிருந்த கைக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

கே: 'காலம் வீல்' (column wheel) இருந்தால்தான் நல்ல க்ரோனோகிராஃப் என்கிறார்களே?

ப: பட்டனை அழுத்தும்போது விரலுக்குத் தெரியும் வித்தியாசம் அது. கோட்டைச் சுவர் போலப் பல் பல்லாக நிற்கும் சின்னச் சக்கரம் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் வழிநடத்தும், அதனால் அழுத்தம் மெத்தென்று இருக்கும். அதற்குப் பதிலாக 'கேம்' என்ற வளைந்த தகடு வைத்தால் செலவு குறைவு, அழுத்தம் கொஞ்சம் கடினம், ஆனால் உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஒமேகா 1968-ல் காலம் வீல் வைத்த 321 எஞ்சினை விட்டுவிட்டு கேம் வைத்த 861-க்கு மாறியது, அந்த 861 பல வருடம் தாராளமாக ஓடியது. சக்கரத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

1969-ல் வந்த ஸெனித் கம்பெனியின் எல் ப்ரிமெரோ எஞ்சின் காலம் வீல் வகைதான். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களின் அலையில், 1975-ல், அதைச் செய்யும் கருவிகளைக் கழித்துக்கட்ட நிர்வாகம் முடிவெடுத்தபோது ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி அவற்றைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் ஒளித்துவைத்தார். பிற்பாடு அந்த எஞ்சின் மறுபடி உற்பத்திக்கு வந்தது, 1988-ல் ரோலெக்ஸ் டேடோனாவுக்கே போனது. வாங்கினால் இப்படிக் கதை உள்ள எஞ்சினை வாங்குங்கள் ஐயா!

கே: ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் பட்டனை அழுத்தலாமா?

ப: ஃப்ளைபேக் வகை, அதாவது ஓடும்போதே அழுத்தினால் பூஜ்யத்துக்குத் திரும்பி மறுபடி ஓடும் வகை என்றால் தாராளமாக. இல்லையென்றால் முதலில் நிறுத்துங்கள், அப்புறம் ரீசெட். தண்ணீருக்குள் எந்தப் பட்டனையும் தொடாதீர்கள், பழைய கடிகாரம் என்றால் கை கழுவும்போதே கழற்றி வைத்துவிடுங்கள்.