பேஸ்மென்ட்டில் டக் டக் சத்தம்: டேங்கை மாற்றத்தான் வேண்டுமா?

தம்பி, நியூ ஹாம்ப்ஷயரில் வீடு வாங்கி நாலு மாதம் ஆகிறது, கிணற்றுத் தண்ணீர், குளிக்கும்போது வேகம் ஏறி இறங்குகிறது, பேஸ்மென்ட்டில் ஏதோ டக் டக் என்கிறது, பார்க்க வந்தவர் பிரஷர் டேங்க் போய்விட்டது என்கிறார், ஏமாற்றுகிறாரோ என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்றுவதாகத் தெரியவில்லை. ஆனாலும் நீங்களே பார்த்துவிடலாம். கார் டயருக்குக் காற்று பார்க்கும் கேஜ் ஒன்று போதும்.

நம் ஊரில் மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டியை நிரப்பிவிட்டால், அப்புறம் தண்ணீர் தானாக இறங்கும். இங்கே மாடியில் தொட்டி வைத்தால் ஜனவரியில் அது ஐஸ் கட்டி. அதனால் அந்த வேலையைக் கீழே நிற்கும் பீப்பாய், அதாவது பிரஷர் டேங்க், பார்க்கிறது. உள்ளே ஒரு ரப்பர் பை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். அமுங்கிய காற்றுதான் உங்கள் ஷவர் வரை தண்ணீரைத் தள்ளுகிறது. பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டி சுவிட்ச். 40/60 என்றால், அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு (டயர் காற்றுக்குச் சொல்லும் அதே அளவு) இறங்கியதும் மோட்டார் ஓடும், 60 வந்ததும் நிற்கும். பை கிழிந்துபோனால் அமுங்குவதற்குக் காற்று இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் பிடித்தாலே 40க்கு விழும், மோட்டார் ஓடும், உடனே 60, நிற்கும். நீங்கள் கேட்கிற டக் டக் அதுதான்.

அந்தச் சத்தத்தோடு நான் ஒரு குளிர்காலம் முழுக்கக் குடித்தனம் நடத்தினேன். டேங்க் காசு மிச்சம் என்று நினைப்பு. மோட்டாருக்கு ஓடுவது கஷ்டமில்லை, கிளம்புவதுதான் கஷ்டம். நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை கிளம்பிக் கிளம்பி, மார்ச் மாதம் கிணற்றின் அடியிலேயே எரிந்துபோனது. 300 அடிக் குழாயோடு அதை மேலே இழுக்க ஆள், புது மோட்டார், அதற்கு மேல் அந்த டேங்கும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பார்க்கும் முறை இது. மோட்டாருக்கான பிரேக்கரை அணைத்துவிடுங்கள். சுவிட்ச் மூடியைத் திறக்க வேண்டாம், உள்ளே 240 வோல்ட். டேங்கின் காலடியில் உள்ள குழாயில் தோட்ட ஹோஸை மாட்டி, தண்ணீர் நிற்கும் வரை வடியுங்கள். டேங்க் உச்சியில் டயரில் இருப்பது போலவே ஒரு வால்வு இருக்கும். மூடியைக் கழற்றி நுனியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் பீச்சினால் பை கிழிந்துவிட்டது, பேச்சே வேண்டாம். காற்று வந்தால் கேஜ் வைத்துப் பாருங்கள். மோட்டார் கிளம்பும் அளவைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக இருக்க வேண்டும், 40/60க்கு 38. அதைவிடக் குறைவு என்றால் சைக்கிள் பம்ப்பால் ஏற்றிவிட்டு ஒரு மாதம் கவனியுங்கள். காற்று இறங்காமல் நின்றால் டேங்க் பிழைத்தது.

வடிக்காமல் அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. குழாயில் உள்ள பழைய பிரஷர் மீட்டரையும் நம்பாதீர்கள். என் வீட்டு மீட்டர், டேங்க் காலியான பிறகும் 50 என்று அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சுவிட்சுக்குப் போகும் விரல் நீளக் குழாயைக் கழற்றினால், உள்ளே செங்காவி நிறத்தில் இரும்புச் சேறு அடைத்திருந்தது. டேங்க் மாற்றும்போது மீட்டர், சுவிட்ச், அந்தக் குட்டிக் குழாய் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

டேங்க் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 44 கேலன் டேங்க் என்றால் மோட்டார் ஓடாமல் 44 கேலன் வரும் என்று அர்த்தமில்லை. 40/60இல் 12 கேலன் அளவுக்குத்தான் வரும். மோட்டார் நிமிடத்துக்கு 10 கேலன் இறைத்தால், அந்த 12 கேலனை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரு தடவை கிளம்பினால் ஒரு நிமிடமாவது ஓடும்படி இருந்தால், அதன் ஆயுசு நீளும்.

நீங்களே மாற்றலாமா? கைப்பழக்கம் உள்ளவருக்கு அரை நாள் வேலை. முதல் தடவை ஆள் வைத்துச் செய்து பக்கத்தில் நின்று பாருங்கள் என்பேன். பை கிழிந்த டேங்க் முழுசாக வடியாது. தண்ணீரோடு 160 கிலோ தாண்டும், பேஸ்மென்ட் படியில் தனியாகத் தூக்கப் பார்த்தால் இடுப்பு போகும். புது டேங்கில் தண்ணீர் விடுவதற்கு முன்னாலேயே காற்றைப் பார்த்துச் சரிசெய்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். அவசரத்தில் விட்டுவிடுவது அதைத்தான்.

கேட்காத ஒன்று: இந்த மாநிலத்தில் பாறைக் கிணறுகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. நம் பழக்கத்தில் காய்ச்சிக் குடித்தால் அது போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். வேலை முடிந்ததும் குளோரின் விட்டுக் கழுவி, வாசனை போனபிறகு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கான்கார்டில் மாநில ஆய்வகமே செய்து தருகிறது.

சரி, முதலில் வடித்துவிட்டு கேஜ் என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள், சுவிட்ச் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று அந்தப் பிளம்பரிடம் கேட்டு, இரண்டையும் எழுதுங்கள்.