கவர்னர் கையெழுத்து போட்ட பிறகு

அன்புள்ள அண்ணனுக்கு,

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் ராஜகுமாரியில் அரசு அப்பா பெயரில் கொடுத்த நிலப் பட்டயத்தில், பயிர் செய்யவும் வீடு கட்டவும் என்றுதான் இருக்கிறது. நாங்களோ அதில் ரோட்டோரமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். 2023-ல் இப்படிப்பட்ட கட்டடங்களை முறைப்படுத்த நிலப் பட்டயச் சட்டத்தைத் திருத்தியபோது இனிக் கவலையில்லை என்று நினைத்தோம். கவர்னர் கையெழுத்துப் போடாமல் எங்களை இழுத்தடித்தார். சட்டசபை முடிவு செய்ததை ஒரே ஒருவர் நிறுத்திவைக்கலாம் என்றால் சட்டசபை எதற்கு?

க.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தணிக்க நான் எழுதவில்லை. அந்தக் கோபம் இன்னொரு இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேதிகளைப் பாருங்கள். 1960-ம் ஆண்டின் அந்த நிலப் பட்டயச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2023 செப்டம்பர் 14 அன்று சட்டசபையில் நிறைவேறியது. அப்போதைய கவர்னர் ஆரிப் முகமது கான் அதில் கையெழுத்திட்டது 2024 ஏப்ரல் 27 அன்று. ஏழு மாதத்துக்கும் மேல். நடுவில், ஜனவரி 9 அன்று அவர் தொடுபுழாவுக்கு வந்தபோது அப்போது ஆட்சியிலிருந்த இடது முன்னணி, கையெழுத்துப் போடாததைக் கண்டித்து இடுக்கி மாவட்டம் முழுக்க ஹர்த்தால் நடத்தியது. உங்கள் கடையும் அன்று மூடித்தான் கிடந்திருக்கும்.

சரி, கையெழுத்து வந்தது. அப்புறம் என்ன நடந்தது? அந்தச் சட்டம் எந்தக் கட்டடத்தையும் தானாக முறைப்படுத்தவில்லை. முறைப்படுத்தும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தது, அவ்வளவுதான். எந்தக் கட்டடத்துக்கு அனுமதி, எவ்வளவு கட்டணம், மனுவை யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் விதிகளில் வர வேண்டும். விதி வராதவரை வில்லேஜ் ஆபீஸில் நீங்கள் எதைக் காட்டிக் கேட்க முடியும்? அந்த விதிகளுக்கு மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது 2025 ஆகஸ்ட் கடைசியில். கையெழுத்துக்குப் பிறகு பதினாறு மாதம். கவர்னர் எடுத்துக்கொண்ட காலத்தைப் போல இரண்டு மடங்கு. இந்தத் தாமதத்தில் கவர்னருக்கு எந்தப் பங்கும் இல்லை.

கவர்னருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மசோதாவைச் சபைக்குத் திருப்பி அனுப்புவதானால் கூடிய சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 200-வது பிரிவே சொல்கிறது. ஆனால் இத்தனை நாளுக்குள் என்று அது கெடு சொல்லவில்லை. கேரளம் 2023-ல் உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் எட்டு மசோதாக்கள் நகர்ந்தன. அதிலும் ஏழு ஜனாதிபதிக்குப் போயின. தமிழ்நாட்டு வழக்கில் 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் கவர்னர்கள் முடிவெடுக்கக் கெடு விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 20-ல், ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்றார்கள். ஆனால் காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால் முடிவெடுக்கச் சொல்லலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு இது போதாது. ஒரு ஊரே காத்திருக்கும்போது ‘சீக்கிரம்’ என்றால் இத்தனை நாள் என்று ஒரு கணக்கு வேண்டும்.

ஆனால் அதே நாள் கணக்கை நம் சட்டசபை நம் அரசுக்கு வைத்ததா? இத்தனை மாதத்துக்குள் விதிகளைக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் மந்திரி சட்டசபைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று அந்தத் திருத்தத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதைச் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. சபையில் பெரும்பான்மை யாரிடமோ அவர்களிடம்தான் மந்திரிசபை. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. கெடு கேட்டால் தன் மந்திரியையே நெருக்குவதாக ஆகும். கேள்வி நேரம் உண்டு, துறை வாரியாக மசோதாக்களைப் பார்க்கும் சப்ஜெக்ட் கமிட்டிகள் 1980 முதல் உண்டு, விதிகளைப் பரிசோதிக்கத் தனிக் கமிட்டியும் உண்டு. அந்தக் கமிட்டியின் கைக்கு வருவது எழுதி முடித்த விதி. எழுதப்படாத விதியை யார் கேட்பது?

எதிர்க்கட்சியோ ஆளுங்கட்சியோ, ஓட்டு கேட்டு உங்கள் கடைக்கு யார் வந்தாலும் இதைக் கேளுங்கள்: அடுத்த நிலச் சட்டத்தில் விதிக்கும் சேர்த்துக் கெடு எழுதுவீர்களா? அப்பாவின் பட்டய நகலையும் நிலவரி ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்தால், கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் ஆபீஸை விட்டு இறங்காதீர்கள்.

அன்புடன்.