கணக்கப்பிள்ளை பதில்கள்: ரிட்டர்ன் போட்டால் கிருஹலட்சுமி நின்றுவிடுமா?

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அரசு தரும் பணத்தைப் பற்றியவை. அல்சூரில் வருமான வரிக் கணக்கு எழுதிவரும் நம் கணக்கப்பிள்ளை பதில் சொல்கிறார்.)

கே: என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். ஆட்டோ வாங்கக் கடன் கேட்டபோது மூன்று வருஷ ரிட்டர்ன் வேண்டும் என்றார்கள். ஆள் பிடித்துப் போட்டோம். வரி என்று ஒரு பைசா கட்டியதில்லை. இப்போது கர்நாடக அரசு குடும்பத் தலைவிக்கு மாதாமாதம் தரும் கிருஹலட்சுமி பணம் வருவதில்லை. விசாரித்தால், "உங்க வீட்டுக்காரர் இன்கம் டாக்ஸ் கட்டறவர்னு கம்ப்யூட்டர்ல வருது" என்கிறார்கள். நாங்களா வரி கட்டுகிறவர்கள்?
— வாசகி, ஸ்ரீராமபுரம்

ப: நீங்கள் சொல்வது உண்மையானால், இல்லை அம்மா. கிருஹலட்சுமிக்கான விதி இதுதான்: ரேஷன் கார்டில் உள்ள குடும்பத் தலைவியோ அவர் கணவரோ வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்பவராகவும் இருக்கக் கூடாது. வருமான வரியில் பணம் கட்டினால்தான் தகுதி போகும். ஜிஎஸ்டியில் வெறும் ரிட்டர்ன் போட்டாலே போதும், போய்விடும். உங்கள் வீட்டுக்காரர் போட்டது வருமான வரி ரிட்டர்ன். வரி பூஜ்யம் என்றால் அவர் வரி கட்டுபவர் அல்ல.

ஆனால் "ஆள் பிடித்துப் போட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கடன் பெரிதாகக் கிடைக்கட்டும் என்று சில ஏஜென்டுகள் வருமானத்தை ஏற்றிக் காட்டுவார்கள். ரிட்டர்ன் நிஜம்போலத் தெரிய, ஒரு வருஷத்துக்கு ஐந்நூறோ ஆயிரமோ வரியும் கட்டிவிடுவார்கள். அதைத் தங்கள் கூலியோடு சேர்த்து வாங்கிக்கொள்வதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் மேசைக்கு இப்படிப்பட்ட காகிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஆகவே முதலில் மூன்று வருஷத்து ஒப்புகைச் சீட்டையும் எடுங்கள். இல்லாவிட்டால் வருமான வரித் தளத்தில் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால் கிடைக்கும். அதில் "மொத்த வரி", "கட்டிய வரி" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். மூன்று வருஷத்திலும் மொத்த வரி பூஜ்யமாக இருந்தால் அந்த இடத்தில் அடிக்கோடு போட்டு, ரேஷன் கார்டு, ஆதார் நகல்களோடு உங்கள் பகுதி சிடிபிஓ (குழந்தைகள் மேம்பாட்டுத் திட்ட அலுவலர்) ஆபீசில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். இந்தத் திட்டம் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையுடையது. பெங்களூர் ஒன் சேவை மையத்தில் இருப்பவர் திரையில் இருப்பதை வாசிக்கத்தான் முடியும். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

"கட்டிய வரி" என்ற கட்டத்தில் ஏதாவது தொகை இருந்து, மொத்த வரி பூஜ்யமாக இருந்தால் பயப்படாதீர்கள். அது பணம் தரும்போதே யாரோ பிடித்துக் கட்டிய வரி (டிடிஎஸ்), திரும்பக் கிடைக்கும் பணம். அதையும் மனுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள், படிப்பவர் குழம்பக் கூடாது.

கே: கார்டில் மாமியார்தான் குடும்பத் தலைவி. கிருஹலட்சுமியின் 2,000 ரூபாய் அவர் கணக்குக்குப் போகிறது, எனக்குக் கண்ணில் காட்டுவதில்லை. நான் தனியாக விண்ணப்பிக்கலாமா?
— பெயர் வேண்டாம், லிங்கராஜபுரம்

ப: ஒரு கார்டுக்கு ஒரு பெண்தான். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமே வீட்டில் 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவரைத்தான் ரேஷன் கார்டுக்குக் குடும்பத் தலைவி என்கிறது. உங்களுக்குத் தெரியாத ஒரு லாபமும் அதில் உண்டு: உங்கள் கணவர் வரி கட்டினாலும் மாமியாருக்கு வரும் பணம் அதனால் நிற்காது, ஏனென்றால் விதி தலைவியையும் தலைவியின் கணவரையும் மட்டுமே பார்க்கிறது, மகனை அல்ல. நீங்கள் தலைவியானால் அன்றைக்கே நிற்கும். (வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கான பிபிஎல் கார்டு தங்குமா என்பது வேறு கணக்கு, அங்கே வீட்டில் வரி கட்டுபவர் இருக்கக் கூடாது. கோட்டுக்கு மேலுள்ளவர்களின் ஏபிஎல் கார்டுக்கும் கிருஹலட்சுமி உண்டு.) தனிக் கார்டுக்காகத் தனிக்குடித்தனம் போவதாக இருந்தால், பெங்களூரில் வீட்டு அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கே: என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள், மாப்பிள்ளை அந்த நாட்டுக் குடிமகன். இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் முன்பு "டாக்ஸ் கிரெடிட்" என்று பணம் வந்தது, 2022-இல் தனியாக 650 பவுண்டும் வந்தது. சம்பளம் வாங்குகிறவனுக்கே அரசு பணம் தருமா? நம் நாட்டில் அப்படி உண்டா?
— வாசகர், ஃப்ரேசர் டவுன்

ப: அங்கே குறைந்த சம்பளக் குடும்பங்களுக்கு டாக்ஸ் கிரெடிட் இருந்தது. வரி பூஜ்யமானாலும் கையில் காசு வரும். 2025 ஏப்ரல் 5-ஆம் தேதியோடு அது முடிந்தது; இப்போது யூனிவர்சல் கிரெடிட். வேலை விசாவில் போனவர்களுக்குப் பொதுவாக இவை கிடையாது, அதனால் அங்கே இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வரவில்லையே என்று கேட்காதீர்கள்.

அந்த 650 பவுண்டு விலைவாசி உயர்வுக்காக 326, 324 என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது. முதல் பாகத்துக்கு 2022 ஏப்ரல் 26 முதல் மே 25 வரை ஏதாவது ஒரு நாளுக்காவது உங்கள் மகள் குடும்பத்துக்கு டாக்ஸ் கிரெடிட் உரிமை இருந்திருக்க வேண்டும். அதுவும் வருஷத்துக்குக் குறைந்தது 26 பவுண்டாவது. ஏப்ரல் முதல் வாரத்தில் மாப்பிள்ளைக்குச் சம்பளம் ஏறி, உரிமை அறுந்துபோயிருந்தால், மற்ற பதினொரு மாதமும் கஷ்டப்பட்டிருந்தாலும் அந்த முதல் பாகம் வராது. ஒரே தடவை தரும் பணம் எந்த நாட்டிலும் இப்படித்தான் இருக்கிறது, ஒரு தேதிக்குள் நீங்கள் யாராக இருந்தீர்கள் என்று மட்டும் பார்க்கிறது.

இங்கே? 2020 மே மாதம் கர்நாடக அரசு ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கும் முடி திருத்துவோருக்கும் சலவைத் தொழிலாளருக்கும் ஒரே தடவையாக 5,000 ரூபாய் அறிவித்தது. அடுத்த வருஷம் ஓட்டுநர்களுக்கு 3,000. டாக்ஸ் கிரெடிட்டுக்குச் சமமாக நம்மிடம் எதுவும் இல்லை. நம் 87ஏ பிரிவுத் தள்ளுபடி, கட்டவேண்டிய வரியை அழிக்கும், அவ்வளவுதான். வரியே இல்லாதவனுக்கு அது ஒரு ரூபாய்கூடத் தராது. அதை விளக்க அடுத்த கடிதமே கிடைத்துவிட்டது.

கே: நானும் மனைவியும் ஐடி கம்பெனியில். எனக்கு 12 லட்சத்து 85 ஆயிரம், அவளுக்கு 9 லட்சம். 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்களே, இரண்டையும் கூட்டினால் தாண்டிவிடுகிறதே?
— வாசகர், மாரத்தஹள்ளி

ப: கூட்டவே வேண்டாம் தம்பி. வருமான வரியில் கணவன் தனி, மனைவி தனி. மனைவிக்குப் புதிய வரி முறையில் அந்த 87ஏ தள்ளுபடியால் வரி கிடையாது.

உங்கள் கணக்கு: 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான சம்பளத்தில் 75,000 நிலைக் கழிவு போக 12 லட்சத்து 10 ஆயிரம். சாதாரணக் கணக்கில் வரி 61,500 வரும். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டியது பத்தாயிரம்தான் என்பதால் வரியும் அந்தப் பத்தாயிரத்துக்கு மேல் போகாது. அதோடு 4 சதவீத செஸ் சேர்த்து 10,400. சம்பள உயர்வு வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு மோசமில்லை.

ஒன்று மட்டும் மனைவியிடம் கேட்டு வையுங்கள்: மொபைலில் ஷேர் வாங்கி விற்கிறாரா? ஒரு வருஷத்துக்குள் விற்ற ஷேர் லாபத்துக்குத் தனி விகிதம், 20 சதவீதம். புதிய முறையில் தள்ளுபடி அந்த வரியைத் தொடாது. சம்பளம் 9 லட்சம், வரி பூஜ்யம் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரிட்டர்ன் போடும் ஜூலையில் வரும் அதிர்ச்சி இதுதான்.

கே: என் பையன் டிப்ளமா முடித்துவிட்டு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறான். முதல் வேலைக்கு மத்திய அரசு 15,000 தருகிறதாமே?
— வாசகி, ஆனேக்கல்

ப: தருகிறது. பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்று பெயர். 2025 ஆகஸ்ட் 1-க்கும் 2027 ஜூலை 31-க்கும் இடையில் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும், மாதச் சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, அதுதான் முதல் பிஎஃப் கணக்காக இருக்க வேண்டும். கிடைப்பது ஒரு மாத பிஎஃப் சம்பளம், அதாவது பிஎஃப் பிடிக்கக் கணக்கில் எடுக்கும் சம்பளம், உச்சவரம்பு 15,000. பேஸிக்கை 11,000 என்று போட்டிருந்தால் 15,000-ஐ எதிர்பார்க்காதீர்கள். ஆறு மாதம் முடிந்து ஒரு பாதி, பன்னிரண்டு மாதம் முடிந்து நிதி பற்றிய சின்னப் பாடத்தையும் முடித்த பிறகு மறுபாதி.

படிக்கும்போது லீவில் எங்காவது வேலை செய்தானா என்று கேளுங்கள். கார்மென்ட்ஸிலோ கிடங்கிலோ மூன்று மாதம் இருந்து, அங்கே அவன் பெயரில் பிஎஃப் பிடித்திருந்தால் இது முதல் வேலை ஆகாது. பையன்களுக்கு அதுவே ஞாபகம் இருக்காது. இன்னொன்று, யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணை அரசின் உமாங் செயலியில் முகம் காட்டி எடுக்க வேண்டும். பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் போகும், அவன் அப்பா கணக்கைக் கொடுக்க முடியாது.

கே: எஜிபுராவில் வீட்டு வேலை செய்கிறேன். இரண்டாவது பிரசவம். முதல் குழந்தைக்கு 5,000 வந்தது. இதற்கும் வருமா? பிரசவத்துக்கு ஆம்பூரில் அம்மா வீட்டுக்குப் போகிறேன்.
— வாசகி

ப: மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ஒரே தவணையில் வரும். ஆண் என்றால் கிடையாது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குக் கீழ் என்ற சான்று இல்லாவிட்டாலும் அமைப்புசாராத் தொழிலாளருக்கான ஈ-ஷ்ரம் கார்டு இருந்தால் தகுதிதான். வீட்டு வேலை செய்கிறவர்கள் அதை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆம்பூருக்கு பஸ் ஏறும் முன் அங்கன்வாடி அக்காவைப் பார்த்து, கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டில் செக்அப் தேதிகள் எல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குத் தருகிறார்கள்; மத்திய அரசுப் பணம் அதற்குள்ளேயே அடக்கம். எனவே இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு இடத்தில் பதிய வேண்டாம், ஆதார் காட்டிக்கொடுத்து இரண்டும் தொங்கும். எங்கே பதிகிறீர்களோ அங்கேயே தடுப்பூசிப் பதிவு வரை முடியுங்கள்.