வலை நிறையச் சொறி மீன்: கடற்கரையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், கூட்டமாகக் கரையோரம் ஒதுங்கும்போதெல்லாம் மீனவர்களும் கடற்கரைக்கு வருபவர்களும் என்னிடம் கேட்பவை இவை. கடல் உயிரியல் படித்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடலூர் மீனவர்: வலையைத் தூக்கினால் சொறிதான் வருகிறது. மீனையெல்லாம் இதுவே தின்றுவிட்டதா?

அண்ணே, நம் கரையில் கூட்டமாக வரும் சொறி பெரிய மீனைத் தின்பதில்லை. மிதக்கும் நுண்ணுயிர்களையும் மீன் முட்டைகளையும் பொடிக் குஞ்சுகளையும்தான் தின்கிறது. சாளைக்கும் நெத்திலிக்கும் போக வேண்டிய இரை போகிறது. வளர வேண்டிய குஞ்சும் போகிறது. அந்த அடி பிறகுதான் தெரியும்.

இன்றைக்கு உங்களுக்கு விழும் அடி வேறு. வலைக்கண் அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியாது, பாரம் தாங்காமல் வலை கிழியும். வலையின் கடைசிப் பையான மடிக்குள் கிடக்கும் நல்ல மீனும் நசுங்கி, மேலெல்லாம் கோழை ஒட்டி, விலை போகாது. பிரித்தெடுக்கும் கைக்கு எரிச்சல் வேறு. ஜப்பானில் நொமுரா என்றொரு வகை 2 மீட்டர் அகலம், 200 கிலோ வரை வளரும். 2009 நவம்பரில் சிபா கடற்பகுதியில் அது நிறைந்த வலையை இழுக்கப்போய் 10 டன் படகு கவிழ்ந்தது. படகில் இருந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். அதனால் சொல்கிறேன், வலை அளவுக்கு மீறிக் கனத்தால் கிடைத்த மீனைப் பார்க்காதீர்கள், மடியை அவிழ்த்துவிடுங்கள்.

அதே மீனவர்: கத்தியால் வெட்டிக் கடலிலேயே தள்ளிவிடலாமா?

வேண்டாம். துண்டானாலும் கொட்டும் செல்கள் வேலை செய்யும். அந்தத் துண்டுகள் அடுத்தவர் வலையிலோ குளிப்பவர் மேலோ போய் ஒட்டும்.

கல்லூரி மாணவி: புவி வெப்பமாவதுதான் காரணமா?

அது ஒரு காரணம், அவ்வளவுதான். ஆற்றோடு வரும் உரமும் சாக்கடையும் இரையைப் பெருக்குகின்றன. போட்டிக்கு இருக்கும் மீனை நாமே அள்ளிவிடுகிறோம். ஆப்பிரிக்காவில் உள்ள நமீபியாவைப் பாருங்கள்: அங்கே மத்தி மீனை வரம்பில்லாமல் பிடித்துத் தீர்த்த பிறகு, 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று கடலில் சொறி 1.22 கோடி டன், மீன் 36 லட்சம் டன் என்று மதிப்பிட்டது. எனக்கு மிகவும் கவலை தரும் கணக்கு இதுதான்.

இன்னொன்று பலர் கண்ணில் படாது. பெரும்பாலான சொறிகளின் இளம்பருவம் கடினமான பரப்பில் ஒட்டி வாழும் சில மில்லிமீட்டர் உயிர். காலம் கூடியதும் அதன் உடல் குறுக்கே அடுக்கடுக்காகப் பிளந்து, அடுக்கிவைத்த குட்டித் தட்டுகள் போல ஒவ்வொன்றாகக் கழன்று நீந்திப் போகும். ஒவ்வொரு தட்டும் ஒரு சொறியாக வளரும். துறைமுகச் சுவர், தூண், மிதக்கும் பிளாஸ்டிக் எல்லாம் அதற்கு வசதியான இடம்.

ஆனால் உலகம் முழுக்கச் சொறியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2013-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, சுமார் 20 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவதைக் காட்டியது.

சென்னையிலிருந்து ஒரு தாய்: கடற்கரையில் பிள்ளையைக் கொட்டிவிட்டால் என்ன செய்வது?

முதலில் பிள்ளையைத் தண்ணீரை விட்டு வெளியே கொண்டுவாருங்கள் அம்மா. கடல் நீரால் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். அப்புறம், தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். உங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளைக்கு. மணல் போட்டுத் தேய்ப்பது, சிறுநீர் ஊற்றுவது எல்லாம் கூடாது. நீலப் பை போல மணலில் கிடக்கும் ப்ளூ பாட்டில் செத்த பிறகும் கொட்டும். ஆஸ்திரேலியாவில் வினிகர் ஊற்றுவது பெட்டி வடிவச் சொறிக்குத்தான், ப்ளூ பாட்டிலுக்கு அல்ல. மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், உடனே மருத்துவமனை.

மாமல்லபுரம் பக்கம் விடுதி நடத்துபவர்: விருந்தினர்களிடம் சொன்னால் வராமல் போய்விடுவார்களே?

சிலர் போவார்கள். இஸ்ரேலின் டெல் அவிவில் சொறி வரும் காலத்தில் கடற்கரைக்கு வருவோர் 3 முதல் 10.5 சதவீதம் குறையலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆனால் சொல்லாமல் விட்டு ஒரு குழந்தை கொட்டு வாங்கினால் இழப்பு அதைவிடப் பெரிது. அறிவிப்புப் பலகை வையுங்கள், இடுக்கியும் வெந்நீரும் தயாராக இருக்கட்டும். ஸ்பெயினின் மார் மெனோர் காயலில் குளிக்கும் இடத்தைச் சுற்றி வலை கட்டினார்கள், மீனவர்களுக்குக் கூலி கொடுத்து அள்ளவும் செய்தார்கள். அது அமைதியான காயல். நம் அலைக்கு அந்த வலை நிற்காது.

ராமநாதபுரத்திலிருந்து: வியாபாரி சொறியை விலைக்குக் கேட்கிறார். பிடிக்கலாமா?

தாராளமாக, உண்ணும் வகையாக இருந்தால். உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி சீனா, ஜப்பான் பக்கம் அனுப்புகிறார்கள். உடம்பில் 95 சதவீதம் தண்ணீர் என்பதால் பதப்படுத்திய பின் எடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே விலை பச்சை எடைக்கா, பதப்படுத்திய எடைக்கா என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும், வண்டி கரைக்கு வந்த பிறகு வலையை இறக்குங்கள். படிகாரத் தண்ணீரைக் கரையிலேயே கொட்ட விடாதீர்கள்.