நாணயக் குழுக்கள் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா கண்டிக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டார். அவர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய ஓவல்டின் டின் ஒன்று அகப்பட்டது. உள்ளே காசுகள். விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஆறு, எல்லாவற்றிலும் 1862. ஓட்டைக் காலணா ஒரு கைப்பிடி, 1943 முதல் 1945 வரை. மற்றதெல்லாம் இலங்கைக் காசு: சதுரமான ஐந்து சதம், விளிம்பு வளைந்து வளைந்து போகும் இரண்டு சதமும் பத்து சதமும், மரம் போட்ட ஒரு சதம். இவை 1969 வரைக்கும் இருக்கின்றன. கடைசியாக, தேய்ந்த செம்புக் காசு ஒன்று. ஒரு பக்கம் ஓர் ஆள் நிற்கிறார், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

படம் எடுத்து ஃபேஸ்புக்கில் நாணயக் குழு ஒன்றில் போட்டேன். அரை மணி நேரத்தில் இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது. ஒருவர் வெள்ளி ரூபாயையும் செம்புக் காசையும் மட்டும் நல்ல விலைக்குக் கேட்டார், “மிச்சமெல்லாம் குப்பை, எடைக்குப் போடுங்க” என்றார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கூரியரில் அனுப்பச் சொல்கிறார். செம்புக் காசு ராஜராஜனுடையதா இல்லையா என்று இரண்டு பேர் இரவு முழுக்கச் சண்டை போட்டார்கள். இன்னொருவர் போன் செய்து, ரிசர்வ் வங்கியில் பதிவு செய்தால் பல லட்சம் கிடைக்கும், பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் என்றார். வாட்ஸ்அப்பில் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு படிவமும் வந்தது.

இந்த உலகமே வியாபாரம்தானா? நாணயம் சேர்ப்பது என்றால் இதுதானா? விற்றுவிடலாமா? புளி போட்டுத் தேய்த்தால் விலை கூடும் என்கிறான் அண்ணன்.

செந்தில்

*

அன்புள்ள செந்தில்,

முதலில் அந்த 2,500. அனுப்பாதீர்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் விவகாரத்தில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருக்கிறது. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம், 786 எண் நோட்டுக்கு ஐந்து லட்சம் என்று யூடியூபில் கத்துகிறவர்கள் இந்த ஆட்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வைஷ்ணோ தேவி காசு நம் எல்லோருடைய சட்டைப்பையிலும் புழங்கியதுதான். போன் செய்தவரின் எண்ணைக் குழு அட்மினுக்கு அனுப்பிவிட்டு பிளாக் செய்துவிடுங்கள்.

சிங்கப்பூர்க்காரருக்கும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நூறு ஆண்டைக் கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. உங்கள் ஆறு வெள்ளி ரூபாயும் அதில் அடங்கும், செம்புக் காசைச் சொல்லவே வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். “மிச்சமெல்லாம் குப்பை” என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரியோடுதான் சண்டை. மோசடிக்காரனைவிட அவர்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் அவர் நேர்மையான சேகரிப்பாளர். தன் ஆல்பத்தில் காலியாக இருக்கும் இடத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டும் பார்க்கிறார். உங்கள் டின்னை அவர் பார்க்கவே இல்லை.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு நான் பார்க்கிறேன். கண்டியில் வேலை பார்த்தவரிடம் இந்திய ரூபாய் எப்படி என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். இலங்கைக்கு அன்று தனியாக ஒரு ரூபாய் நாணயமே கிடையாது. 1869-இல் ஆங்கிலேயர் இந்திய வெள்ளி ரூபாயையே அங்கே செல்லுபடியாக்கினார்கள். 1872 தொடக்கத்தில் அதை நூறு சதமாகப் பிரித்தார்கள். இந்தியாவிலோ 1957 ஏப்ரல் வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆக, அதே வெள்ளி ரூபாய் தனுஷ்கோடியில் பதினாறு அணா, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால் நூறு சதம். இலங்கை தனக்கென்று அச்சடித்தது சில்லறையை மட்டும்தான். உங்கள் டின்னில் இருக்கும் சதுர ஐந்து சதம் அந்த வெள்ளி ரூபாயின் இருபதில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை. ஒன்றைக் குப்பை என்று எடைக்குப் போட்டுவிட்டால், இன்னொன்று கண்டி மளிகைக் கடையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அந்தச் சில்லறையை உற்றுப் பாருங்கள், சிங்களத்தோடு தமிழ் எழுத்திலும் மதிப்பு இருக்கும். விக்டோரியா காலத்திலேயே தொடங்கிய வழக்கம் அது.

அடுத்தது, போர். 1940-இல் இந்திய அரசு ரூபாயில் இருந்த வெள்ளியை நூற்றுக்கு 91.7 பங்கிலிருந்து பாதியாகக் குறைத்தது. கைக்கு வந்த பழைய ரூபாயை யாராவது செலவழிப்பார்களா? ஒதுக்கி வைத்தார்கள். தாத்தாவோ அவருடைய அப்பாவோ அப்படித்தான் செய்திருக்க வேண்டும். 1943-இல் செம்பை மிச்சம் பிடிக்கக் காலணாவின் நடுவை வெட்டி எடுத்தார்கள், அதுதான் உங்கள் ஓட்டைக் காசு. இலங்கையில் 1942 முதல் சதுர ஐந்து சதத்தின் உலோகம் மாறிப் பித்தளை நிறத்துக்கு வந்தது, நிக்கலுக்குப் போர்க்களத்தில் வேலை இருந்தது. ஐந்து சதங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள், வெள்ளை நிறத்தில் ஏதாவது இருந்தால் அது அதற்கு முந்தியது.

நான் மிகவும் யோசித்தது, டின்னில் இல்லாத ஒன்றைப் பற்றி. உங்கள் பட்டியலில் நயா பைசாவே இல்லை, அதாவது 1957-இல் அணாவுக்குப் பதிலாக இந்தியாவில் வந்த காசு. இந்தியக் காசு 1945-ஓடு நின்றுவிடுகிறது, இலங்கைக் காசு 1969 வரை வருகிறது. தாத்தா அதற்குப் பிறகு ஊருக்கே வரவில்லையா? 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்து, அங்கிருந்த இந்தியத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை என்று ஆனபின் அவர்களுக்குப் போய்வருவது பழைய மாதிரி இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அதே ஆண்டு கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களில் உங்கள் குடும்பமும் ஒன்று என்று ஊகிக்கிறேன். நயா பைசா இல்லாததற்கு வேறு எளிய காரணமும் இருக்கலாம், பேரப்பிள்ளைகள் எடுத்து மிட்டாய் வாங்கியிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்க இன்னும் ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

பிரிக்காமல் வைப்பதற்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், புதுக்கோட்டையைச் சொல்வேன். 1898-இல் அங்கே கருக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றை மொத்தமாகப் பார்த்துப் பட்டியல் போட்டதால்தான், மிகப் பெரும்பாலானவற்றில் மன்னன் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு இருப்பது ஒரு செய்தியாக ஆனது. ஏன் வெட்டினார்கள் என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். அதே காசுகள் ஒவ்வொன்றாக நகைக் கடைக்குப் போயிருந்தால், வெட்டுப்பட்ட காசு ஒவ்வொன்றும் பழுதான காசு, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சங்க கால மன்னர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதை ஒரு காலத்தில் அறிஞர்கள் ஏற்கவில்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தன் சேகரிப்பில் இருந்த காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்ற பாண்டிய மன்னன் பெயரைத் தமிழ் பிராமி எனும் பழந்தமிழ் எழுத்தில் படித்து 1980களில் வெளியிட்டபின் நிலைமை மாறியது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் காசுகள் பலவும் சேகரிப்பாளர்கள் கைவழியாகத்தான் ஆய்வுக்கு வந்தன. அவர்கள் வாங்கியிராவிட்டால் உருக்கும் உலைக்குப் போயிருக்கும். எனவே காசு சேர்ப்பவர்கள் எல்லோரும் வியாபாரிகள் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கியதைக் கிருஷ்ணமூர்த்தி படித்தார், படித்ததை அச்சிலும் கொண்டுவந்தார் என்பதுதான் முக்கியம்.

இணையக் குழுக்களையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன். படிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். உங்கள் ஆறு ரூபாயிலும் 1862 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதே ஆண்டைப் போட்டபடியே 1874 வரை அச்சடித்தார்கள். பம்பாய் நாணயச் சாலையில் அடித்தவற்றில் பின்புறம் சிறு புள்ளிகள் இருக்கும், புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். இதை ஒரு பேராசிரியரிடம் கேட்கப் போனால் நாள் குறிக்க வேண்டும். குழுவில் தெளிவான படம் போட்டால், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரோ மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஒருவரோ காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். காசு வாங்காமல் சொல்வார். இரவு முழுக்கச் சண்டை போட்ட இருவரைப் பற்றிச் சலித்துக்கொண்டீர்கள், எனக்கு அவர்களைத்தான் பிடித்திருக்கிறது. அந்தச் சண்டையில் பொருள் இருக்கிறது. நிற்பவர் ஒரு பக்கம், அமர்ந்தவர் மறுபக்கம் என்ற அந்த அமைப்பு ராஜராஜன் காசில் மிகப் பிரபலம். இலங்கையில் அது அவ்வளவு வேரூன்றிவிட்டது, சோழர் வெளியேறிய பின்னும் அங்கே ஆண்ட பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி வரை அதே அமைப்பில் காசு அடித்தார்கள். அமர்ந்தவர் பக்கத்தில் இருக்கும் நாகரி எழுத்துதான் யாருடையது என்று சொல்லும். காலை வெயில் சாய்வாக விழும்படி வைத்துப் படம் எடுத்து மறுபடி போடுங்கள், தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பும். ஒருவேளை ராஜராஜனாகவே இருந்தாலும் புதையல் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் செம்புக் காசு சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதுதான்.

குழுக்களில் ஒரு கேள்வி மட்டும் அநேகமாக எழுவதே இல்லை: “எங்கே கிடைத்தது?” எவ்வளவுக்குப் போகும் என்று நூறு பேர் கேட்பார்கள். வாட்ஸ்அப் ஏலத்தில் ஒரு காசு கைமாறும்போது எடை வரும், தரம் வரும், தபால் செலவு தனி என்று வரும், ஊர் வராது. மூன்று கை மாறினால் அந்தக் காசுக்கு ஊரே இல்லை. சிலர் தெரிந்தே மறைக்கிறார்கள், மண்ணிலிருந்து எடுத்த புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு தகவல் என்பதே தோன்றுவதில்லை. உங்கள் செம்புக் காசை தாத்தா இலங்கையில் யாரிடமாவது வாங்கினாரா, இங்கே வந்தபின் கிடைத்ததா என்பது தெரிந்தால் அது வேறு காசு.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் போட்டு ஒவ்வொரு காசின் ஆண்டு, உலோகம், படிக்க முடிகிற எழுத்து எல்லாவற்றையும் எழுதுங்கள். முடிந்தால் நகைக்கடைத் தராசில் எடை. விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். அதோடு அப்பாவும் அத்தைகளும் டின்னைப் பற்றிச் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். முழுப் பட்டியலையும் குழுவில் போடுங்கள், விற்பனைக்கு இல்லை என்று மேலே எழுதிவிட்டு. வரும் பதில்களின் குணமே மாறிவிடும் பாருங்கள். பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

விற்கலாமா என்று கேட்டீர்கள். பணம் தேவைப்பட்டால் விற்கலாம், அதில் எந்தக் குற்றமும் இல்லை. தாத்தாவும் தேவைக்குத்தான் சேர்த்தார். முடிந்தவரை டின்னை மொத்தமாக, பட்டியலோடு கொடுங்கள். வெள்ளியை மட்டும் தனியாக விற்றே ஆகவேண்டும் என்றால், நோட்டில் எது போனது என்று குறித்துவைத்துவிட்டு விற்றுவிடுங்கள்.

அண்ணனிடம் மட்டும் புளியைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். புளி, சாம்பல், பற்பசை எதுவுமே வேண்டாம். தேய்த்து மின்னும் காசைக் கண்டால் விவரம் தெரிந்தவர்கள் விலையைப் பாதியாகக் கேட்பார்கள். செம்புக் காசில் இருக்கும் அந்த மங்கல் படலத்தோடு எழுத்தும் போய்விட்டால், அந்த இரண்டு பேருக்கும் சண்டை போட ஒன்றும் மிஞ்சாது. வழவழப்பான மலிவு பிளாஸ்டிக் உறைகளும் ஆகாது, சில ஆண்டுகளில் பச்சையாகப் பிசுபிசுக்கும். அட்டை ஹோல்டர் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவரை டின்னிலேயே இருக்கட்டும், ஈரம் படாமல்.